உரிமை கோருவார் இல்லாதோர்

ஹட்டன் பகுதித் தோட்டப் பாடசாலையொன்றிலிருந்து இக்கல்லூரி விடுதிக்கு நான் வந்த காலத்தில், விடை தெரியாது விழிக்கும் மாணவரை எம் விலங்கியல் ஆசிரியர் ‘தேவாங்கே!’ என்றழைப்பார். மலைநாட்டவனாகிய எனக்கு அப்பெயர் இருமடங்கு பொருந்திற்று. நுவரெலியாவை அடுத்த ஹோட்டன் சமவெளியின் குளிர்காட்டில் அடர்ந்த மயிருடைய தேவாங்கு ஒன்று உண்டு. அதனை 1942ஆம் ஆண்டில் தனிக் கிளையினமாக விவரித்தவர் ஒஸ்மன் ஹில். 1930இல் கொழும்பு மருத்துவக் கல்லூரிக்கு உடற்கூற்றுப் பேராசிரியராக வந்த அவர், 1945இல் எடின்பரோப் பல்கலைக்கழகம் சென்றார். அவர் சென்றடைந்த இடம் எத்தகையது எனத் தேடிப் படிக்கப் புகுந்தபோதுதான் அங்குள்ள உடற்கூற்று நூதனசாலையின் வரலாறு எனக்குத் தெரியவந்தது.

அதற்கு வித்திட்டவர்கள் மன்றோ குடும்பத்தார். தந்தை, மகன், பேரன் ஆகிய மூவரும் அலெக்சாண்டர் என்னும் ஒரே பெயருடன் 1720 முதல் 1846 வரை உடற்கூற்றுப் பேராசிரியர் பதவியை வகித்தனர். தோட்டத்துக் கங்காணிப் பதவி போலும்! இரண்டாமவர் 1798இல் தம் தந்தையார் சேர்த்தவற்றையும் தாம் சேர்த்தவற்றையும் பல்கலைக்கழகத்துக்கு ஈந்தார். 1884இல் புதிய மருத்துவக் கட்டடத்தில் அவற்றுக்குப் பெரியதொரு மண்டபம் அமைந்தது.

உடல்கள் எங்கிருந்து வந்தன என்பதே என்னை வருத்திய கேள்வி. சட்டம் அளித்தவை மாணவர் தொகைக்குப் போதவில்லை. பிணத்துக்கு விலை ஏறிற்று. 1828இல் பேர்க், ஹேர் என்னும் இருவர் 16 பேரைக் கொன்று, தனியார் வகுப்பு நடத்திய நொக்ஸ் என்னும் வைத்தியரிடம் விற்றனர். மாண்டவருட் பலர் வறியோர். பேர்க் 1829 ஜனவரி 28இல் தூக்கிலிடப்பட்டான். அவனுடைய எலும்புக்கூடு இன்றும் அந்நூதனசாலையில் நிற்கின்றது. பின்னர் 1832இல் வந்த சட்டம், ஏழை விடுதிகளில் ‘உரிமை கோருவாரின்றி’ இறந்தோரின் உடல்களை ஆய்வுக்கு வழங்க இடமளித்தது. கொலைஞருக்குத் தண்டனையாக இருந்தது வறியோருக்கு விதியாயிற்று. மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த வழியில் அவ்வாறே வீழ்ந்து கிடந்தோர் எத்தனை பேர்! அவ்வழியே நடந்து உயிர்தப்பியவர்களின் பேரப்பிள்ளைகளாகிய எம்மால் அச்சொற்றொடரை எளிதிற் கடந்துசெல்ல இயலுமா?

கடல் கடந்த நாடுகளிலிருந்தும் மண்டையோடுகள் அங்கு வந்து சேர்ந்தன. மனித இனங்களை அளந்து தரம் பிரிக்கலாம் என அறிஞர் நம்பிய காலம் அது. அவற்றுள் எம் தீவின் வேடர்க்குரியவை ஒன்பது இருந்தன. உரியவர் ஒருநாள் நேரில் வந்து நிற்பார் என அவற்றை அலுமாரியில் அடுக்கியவர் எவரும் நினைத்திருக்கமாட்டார். 2019 நவம்பரில் வேடர் தலைவர் ஊருவரிகே வன்னில அத்தோ எடின்பரோவுக்கே சென்று, அவ்வொன்பதையும் தம் கையாற் பெற்றுக்கொண்டார்.