இறக்கத்து நீலப் புகை

எல்லவிலிருந்து வெல்லவாய இறங்கும் பெற்றோல் கார்களைப் பின்னால் இருந்து பார்த்திருக்கிறீர்களா? இறக்கம் நெடுகப் புகை தெரியாது. கீழே பாதை சமமாகி, சாரதி அக்ஸிலேட்டரை மிதித்ததும் சைலன்சரிலிருந்து நீலமாக ஒரு முறை குப்பென்று கிளம்பும், பிறகு அடங்கிவிடும். எஞ்சின் ஒயில் எரிகிற நிறம் அது.

"ரிங் போயிருச்சாண்ணே?" என்றுதான் கராஜுக்கு வருபவர்கள் முதலில் கேட்பார்கள். சில வண்டிகளில் போயிருக்கும். ஆனால் ரிங்கைச் சந்தேகிக்கும் முன் நான் பார்ப்பது டெப்பட் கவரிலிருந்து மெனிபோல்டுக்குப் போகிற றப்பர் ஹோஸையும் அதன் வாயில் உள்ள பி.சி.வி. வால்வையும்தான். பதுளைப் பக்கத்து வீதிகளில் ஓடும் வண்டிக்கு அந்தச் சின்ன வால்வு எவ்வளவு முக்கியம் என்பது பலருக்கும் தெரிவதில்லை. சேர்விஸுக்கு வரும் வண்டிகளில் ஆண்டுக்கணக்கில் யாரும் கை வைக்காத பாகமும் அதுதான்.

எவ்வளவு புதிய எஞ்சினாக இருந்தாலும் எரிந்த வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே கசியும். போக வழி இல்லாவிட்டால் சம்புக்குள் அழுத்தம் ஏறி ஒயில் சீல்களைத் தள்ளிவிடும். மொரிஸ் மைனர் ஓடத் தொடங்கிய காலத்துக் கார்களில் இந்த வாயு ஒரு குழாய் வழியாக எஞ்சினுக்கு அடியில், வீதியிலேயே விடப்பட்டது. லொஸ் ஏஞ்சலிஸின் புகைமூட்டத்துக்கு வாகனங்களே பெரும் காரணம் என்று 1950களில் தெரியவந்த பிறகு, 1961 மொடல் கார்களிலிருந்து கலிபோர்னியாவில் அந்த வாயுவை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பி எரிக்கத் தொடங்கினார்கள். இன்று உலகம் முழுவதும் அதே ஏற்பாடுதான், பெற்றோல் கார்களில் அதன் கதவுதான் பி.சி.வி. வால்வு. வாயு திரும்பிப் போகட்டும், அதோடு ஒயில் போகக்கூடாது. எங்கள் வேலை அவ்வளவுதான், ஆனால் அதற்குள் நிறைய இருக்கிறது.

எல்ல ஏறத்தாழ 1,040 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வெல்லவாய 200 மீட்டர் அளவில். முப்பது கிலோமீட்டருக்குள் அத்தனையும் இறங்கியாக வேண்டும். பிரேக் சூடேறாமல் இருக்கச் சாரதி சின்னக் கியரில் விடுவார். அது நல்ல பழக்கம், விடச் சொல்லவே மாட்டேன். அப்போது த்ரொட்டில் மூடியிருக்க, எஞ்சின் வேகமாகச் சுற்ற, மெனிபோல்டுக்குள் பலமான வெற்றிடம் உண்டாகிறது. நல்ல பி.சி.வி. வால்வு அந்த இழுப்புக்கு ஏறக்குறைய மூடிக்கொள்ளும். பிசின் பிடித்துத் திறந்தபடியே நின்றுவிட்டால் சம்பிலிருந்து ஒயில் ஆவி இறக்கம் முழுக்க இழுபட்டு மெனிபோல்டில் தேங்கும். கீழே மிதிக்கிற முதல் மிதியில் எரிவது அந்தத் தேக்கம்தான். எஞ்சின் வால்வுகளின் சீல் தேய்ந்தாலும் இதே அடையாளம் வரும் என்பதால், விலை குறைந்ததை முதலில் பார்க்கிறேன். வால்வைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று ஆட வேண்டும். ஆடினாலும் உள்ளே பிசுக்கு இருந்தால் கழுவிப் போடுவதில்லை, மாற்றிவிடுவேன்.

டீசல் வான்களுக்கு ஆபத்து ஏற்றத்தில். பெரகலையிலிருந்து ஹப்புத்தளைக்கு ஆள் நிறைத்து ஏறும்போது டர்போ தள்ளுகிற காற்றின் அழுத்தத்தில் ரிங்கைத் தாண்டும் வாயுவும் கூடுகிறது. அது சுமந்து வரும் ஒயில் டர்போ வழியாகப் போய் இன்டர்கூலரின் அடியில் சேரும். எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விடும் ஈ.ஜி.ஆர். கொண்டுவரும் கரியும் இதுவும் கலந்தால் மெனிபோல்டுக்குள் தார் பூசியது மாதிரி இறுகிவிடும். டீசலில் மெல்லிய ஒயில் படலம் இருப்பது இயல்பு, பயப்பட வேண்டாம். தேங்கி நிற்பதுதான் பயப்பட வேண்டியது. ஒரு நாள் அது மொத்தமாக உள்ளே போனால் எஞ்சின் தன் ஒயிலையே எரித்து ஓடும், சாவியை அணைத்தாலும் நிற்காது. அப்போது பிரேக்கை அழுத்திப் பிடித்து, பெரிய கியரில் போட்டு, கிளட்சை விட்டு அடக்க வேண்டும். முடியாவிட்டால் எஞ்சினுக்குள் காற்று போகும் வாயைப் பலகையால் அடைக்க வேண்டும். கையை வைக்கக்கூடாது.

தோட்டத்து வண்டிகளில் இன்னொரு காரணம் உண்டு, அதை நகரத்துக் கராஜில் யோசிக்க மாட்டார்கள். லயத்துப் பக்கம் வண்டி நிற்கிற இடம் எல்லாம் சரிவு. சரிவில் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் பல வண்டிகளில் ஒயில் குறைவாகக் காட்டும். உடனே அரைப் போத்தல் ஊற்றுவார்கள். மறுவாரம் இன்னும் கொஞ்சம். அளவு மீறிய ஒயிலைக் கிராங்க் அடித்து நுரையாக்கி மேலே வீச, வாயு வெளியேறும் பிரீதர் குழாய் வழியாக ஏறிவிடுகிறது. கொழுந்து மடுவத்து முற்றத்திலோ பெக்டரி வாசலிலோ சமமான தரை இருக்கும். அங்கே நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். கூடுதலாக ஊற்றியதை இறக்கியதிலேயே சில வண்டிகளின் புகை நின்றிருக்கிறது.

ஒயிலின் தரமும் கணக்கில் வரும். 250 பாகை செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்து எடை எவ்வளவு குறைகிறது என்று பார்க்கும் நோக் பரிசோதனை ஒன்று உண்டு. இன்றைய பெற்றோல் எஞ்சின் ஒயில்களுக்கு அதில் 15 சதவீதம்தான் எல்லை. ஆவியாவது குறைந்தால் மேலே ஏறுவதும் குறையும்.

ஹப்புத்தளைக் குளிரில் பங்களாவுக்கும் பெக்டரிக்கும் மட்டும் ஓடும் ஜீப்பின் ஒயில் மூடியைத் திறந்தால் பாலாடை போல வெண்மஞ்சள் படலம் இருக்கும். ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று பதறுவார்கள். ரேடியேட்டர் தண்ணீர் குறையவில்லை என்றால் பெரும்பாலும் அது எரிபொருள் எரிந்து உண்டான நீராவிதான். எஞ்சின் சூடாகும் முன்பே அணைப்பதால் தங்கிவிடுகிறது. பதுளை வரை ஒரு முறை போய் வரச் சொல்வேன்.

இதையெல்லாம் பார்த்த பிறகுதான், பிரீதர் குழாயின் நடுவே பூட்டி வாயுவிலிருந்து ஒயிலைப் பிரித்துப் பிடிக்கும் டப்பா. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 இல்தான் மீண்டும் வழி திறந்தது. அந்தக் காலத்தில் பழைய எஞ்சின்களை உயிரோடு வைத்திருக்க இளைஞர்கள் பளபளப்பான டப்பாக்களை வாங்கிப் பூட்டினார்கள். திறந்து பார்த்தால் பல வெறும் கூடு. உள்ளே தடுப்புத் தகடும் துருப்பிடிக்காத கம்பி வலையும் இருக்க வேண்டும். வாயு வேகம் தணிந்து திரும்பும்போது துளிகள் உலோகத்தில் மோதித்தான் பிரியும். டப்பாவைப் புகைக்குழாயின் சூட்டிலிருந்து தள்ளி, காற்றுப் படும் பக்கம் வைக்கிறேன். ஒயில் தாங்கும் ஹோஸ்தான் போட வேண்டும், தண்ணீர் ஹோஸ் ஊறி நெகிழ்ந்து ஒட்டிக்கொள்ளும். உள் விட்டம் பழைய குழாயை விடக் குறையக்கூடாது. நடுவில் தொங்கவும் கூடாது, தொங்குகிற இடத்தில் நீர் தேங்கி வழி அடைபடும். அடைபட்டால் பின்பக்கச் சீல் போகும். பிரீதர் குழாயைப் போல்ட் வைத்து மூடிவிட்டு வரும் வண்டிகளுக்கும் அதே கதிதான்.

டப்பா சீக்கிரம் நிறைந்தால் அது ரிங்கின் குறை. அந்த எஞ்சினைத் திறந்துதான் ஆக வேண்டும்.

மழை மாதங்களில் டப்பாவை அடிக்கடி வடியுங்கள். வடித்ததில் தண்ணீரும் கலந்திருக்கும், திரும்ப எஞ்சினில் ஊற்ற வேண்டாம், கானிலும் கொட்ட வேண்டாம். மேல் மலையில் கழுவுகிற ஓடையைக் கீழே லயத்தில் குடிக்கிறார்கள். மூடியுள்ள கேனில் சேர்த்து, கழிவு ஒயிலோடு கொடுத்துவிடுங்கள்.