எந்தக் காடி அதிகமாக எண்ணெய் குடிக்கும்?

2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியது. அந்தச் செய்தியைக் காலை நிகழ்ச்சியில் நேயர்களுக்குச் சொல்லிவிட்டு வெளியே வந்தால், கைப்பேசியில் அண்ணனின் நான்கு குரல் பதிவுகள். நான்கிலும் ஒரே பேச்சுதான்: "பிக்கப்ப வித்துடப் போறேன்மா."

அண்ணன் சுங்கைப்பட்டாணியில் கனோப்பி கூடாரம், மேசை, நாற்காலி வாடகைக்கு விடுகிறார். திருமணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கருமக்கிரியை எதுவானாலும் அவருடைய டீசல் பிக்கப் வாசலில் நிற்கும். அதை விற்றுவிட்டு, பழைய சொகுசு எஸ்யூவி ஒன்றைக் கடனில் எடுக்கலாம் என்பது அவருடைய யோசனை. அதைத் தூண்டிவிட்டவர் அண்ணியின் தம்பி. பினாங்கில் பொறியியலாளர். சொந்தமாக ஏழு பேர் அமரும் பெட்ரோல் எஸ்யூவி வைத்திருக்கிறார். "உங்க பிக்கப் லோரி மாதிரி மாமா, குடிச்சுக்கிட்டே இருக்கும். என் காடி டாஷ்போர்டைப் பாருங்க" என்பார். அண்ணனோ இத்தனை நாளும், "சொகுசுக் காடின்னாலே எண்ணெய்க் கிணறு வேணும்" என்று சொல்லி வந்தவர். ஒரே இரவில் கட்சி மாறிவிட்டார்.

இந்தச் சண்டை உண்மையில் அமெரிக்காவுக்குச் சொந்தமானது. அங்கேதான் பெரிய சொகுசு எஸ்யூவியும் முழு அளவு பிக்கப்பும் அக்கம்பக்கத்து வீடுகளின் வாசலில் நிற்கின்றன. கெடிலாக் எஸ்கலேட் என்ற சொகுசு எஸ்யூவியும் ஷெவர்லே சில்வராடோ என்ற பிக்கப்பும் அடிப்படைக் கட்டமைப்பில் ஒரே குடும்பம். மேலே தோல் இருக்கையும் திரைகளும் வந்தால் அது சொகுசு வண்டி, திறந்த தொட்டி வந்தால் பிக்கப். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கில், 2021 எஸ்கலேட்டின் 6.2 லிட்டர் பெட்ரோல் இயந்திரம், நான்கு சக்கர இயக்கத்துடன், கேலனுக்கு 16 மைல் தருகிறது. நம் கணக்கில் 100 கிலோமீட்டருக்கு 14.7 லிட்டர். அதே ஆண்டின் ஃபோர்ட் எஃப்-150 ஹைபிரிட் பிக்கப், அதுவும் நான்கு சக்கர இயக்கத்துடன், 24 மைல் தருகிறது. அதாவது 9.8 லிட்டர். அலுமினிய உடலும் மின் மோட்டாரும் அதற்குக் கைகொடுக்கின்றன. எனவே 'பிக்கப் குடிக்கும், எஸ்யூவி குடிக்காது' என்பதும் தவறு, மறுபக்கமும் தவறு. எடை, காற்றைக் கிழிக்கும் உடல்வாகு, இயந்திரம், டயர், ஓட்டும் வேகம், இவைதான் லிட்டரைத் தீர்மானிக்கின்றன.

நம் ஊரில் ஓடும் ஹைலக்ஸ், டிரைட்டன், டி-மேக்ஸ், ரேஞ்சர் எல்லாம் அமெரிக்கர் கண்ணில் நடுத்தர அளவுதான். அவற்றுள் பெரும்பாலானவை டீசலில் ஓடுபவை. ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட 10 விழுக்காட்டுக்கும் அதிகமான ஆற்றல் உண்டு. அதனால் லிட்டரை மட்டும் வைத்து ஒப்பிட்டால் டீசல் வண்டி சற்று முந்திக்கொள்ளும்.

வாய்ப்பேச்சு போதும் என்று ஒரு 555 குறிப்புப் புத்தகத்தை அண்ணியிடம் கொடுத்தேன். மளிகைக்கடைக் கடன் எழுதும் அதே சிறிய புத்தகம். டாஷ்போர்டு சொல்வதை நம்ப வேண்டாம். தொட்டி நிறைய எண்ணெய் ஊற்றி, ஓடிய தூரத்தைக் குறித்து, அடுத்த முறை மீண்டும் நிறைய ஊற்றி, அந்த லிட்டரைத் தூரத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். அவ்வளவுதான். தம்பியும் ரோஷத்தோடு ஒரு புத்தகம் வாங்கினார்.

மூன்று மாதக் கணக்கு இப்படி வந்தது. நாற்காலியும் இரும்புக் கம்பியும் ஏற்றி ஊருக்குள் ஓடியபோது பிக்கப் 100 கிலோமீட்டருக்கு 11.2 லிட்டர் குடித்தது. வெறும் வண்டியாக நெடுஞ்சாலையில் 8.3. தம்பியின் எஸ்யூவி பாலத்து நெரிசலில் 13.1, நெடுஞ்சாலையில் 9.4. மொத்தச் சராசரி பிக்கப்புக்கு 10, எஸ்யூவிக்கு 12. இரண்டு வண்டிகளுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைவிட, ஒரே வண்டி ஊருக்குள்ளும் வெளியிலும் ஓடும் வித்தியாசம் அதிகம்! வேகமும் அப்படித்தான். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 90-லிருந்து 110-க்குப் போனால் வேகம் 22 விழுக்காடுதான் ஏறுகிறது, காற்றுத் தடையோ ஏறக்குறைய 50 விழுக்காடு ஏறுகிறது.

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பேசும் நம் பழக்கத்திலும் ஒரு மயக்கம் உண்டு. 8 கிலோமீட்டர் தந்த வண்டியை விட்டு 10 தரும் வண்டிக்கு மாறினால், ஆயிரம் கிலோமீட்டருக்கு 25 லிட்டர் மிச்சம். 14 தந்த வண்டியை விட்டு 20 தரும் வண்டிக்கு மாறினால் 21 லிட்டர்தான் மிச்சம். ஆனால் இரண்டாவதுதான் பெரிய லாபமாகத் தெரியும். லாரிக், சோல் என்ற இரு ஆய்வாளர்கள் 2008-இல் 'சயன்ஸ்' இதழில் இந்த மயக்கத்தைத்தான் விளக்கினார்கள். அதனால்தான் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று எழுதச் சொன்னேன்.

அடுத்தது காசு. அண்ணன் மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடுகிறார். டீசல் 200 லிட்டர். முன்பு 430 வெள்ளி, விலையேற்றத்துக்குப் பின் 670. புடி மடானி உதவியாக அவருக்கு மாதம் 200 வெள்ளி கிடைத்தது. அதைக் கழித்தால் 470. அதே தூரத்தைத் தம்பியின் எஸ்யூவி ஓட 240 லிட்டர் வேண்டும். அன்றைய ரோன்95 விலை 2.05 வெள்ளி. ஆக 492. ஒரு குடும்பத்தையே மூன்று மாதம் பேச வைத்த வித்தியாசம் 22 வெள்ளி!

எஸ்யூவிக்கு மாதத் தவணை 1,600 வெள்ளிக்கு மேல், ஒன்பது ஆண்டுகளுக்கு. பிக்கப்பின் கடனோ இன்னும் பத்து மாதத்தில் முடிகிறது. நாற்காலி ஏற்ற வாடகை லோரி தனி. அண்ணன் மகள் எஸ்பிஎம் எழுதிவிட்டுக் கல்லூரிக்குக் காத்திருந்த ஆண்டு அது.

இந்தக் கணக்கை அண்ணி படித்துக் காட்டியபோது அண்ணன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "கல்யாண வீட்டுக்குப் பட்டு வேட்டி கட்டிக்கிட்டுப் போய் இறங்குறேன். வாசல்ல நிக்கிறவங்க, 'நாற்காலிய பின்பக்கம் இறக்குங்கண்ணே'ங்கிறாங்க. ஒரு நாளாவது விருந்தாளியா போகணும்னு ஆசையா இருக்கு."

லிட்டர் கணக்கில் எழுத முடியாத விஷயம் இது. இருபது ஆண்டுகள் மற்றவர் விசேஷங்களுக்கு நாற்காலி போட்டவர், தானும் ஒரு நாற்காலியில் உட்கார ஆசைப்பட்டார். அதைக் கேட்கக் கூச்சப்பட்டு, எண்ணெய் விலையைச் சாக்காகச் சொன்னார். பட்டதாரிப் பிள்ளைகள் பலரும் முதல் சம்பளத்தில் பெரிய காடி தேடுவதிலும் இந்த ஏக்கத்தின் ஒரு பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆனால் எண்ணெய் மிச்சமாகும் என்ற பெயரில் அதை வாங்கினால், ஒன்பது ஆண்டுகளுக்கு வேறெதையோ விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

இப்போது பல சொகுசு எஸ்யூவிகள் பிளக்-இன் ஹைபிரிட்டாக வருகின்றன. விளம்பரத்தில் 100 கிலோமீட்டருக்கு ஒன்றிரண்டு லிட்டர் என்று இருக்கும். தினமும் மின்னேற்றினால்தான் அந்தக் கணக்குக்குப் பக்கத்தில் போக முடியும். சாலையில் ஓடும் இத்தகைய வண்டிகளின் கரியமில வெளியேற்றம் ஆய்வகக் கணக்கைவிடச் சராசரியாக மூன்றரை மடங்கு இருப்பதாக ஐரோப்பிய ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அடுக்குமாடியில் மின்னேற்றி இல்லாதவர்கள், பேட்டரியின் எடையைச் சும்மா சுமந்துகொண்டு போவார்கள்.

அண்ணன் பிக்கப்பை விற்கவில்லை. வேலை இல்லாத நாள்களில் மேலே இருக்கும் இரும்புச் சட்டத்தைக் கழற்றுகிறார். வாரம் ஒருமுறை டயர் காற்றைப் பார்க்கிறார். சராசரி 10-லிருந்து 9.4-க்கு இறங்கியிருக்கிறது. உறவினர் திருமணங்களுக்கு அண்ணியின் பழைய மைவியில் போகிறார்கள். மகள் பினாங்கில் கணக்கியல் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தால் 555 புத்தகம் அவள் கையில்.

அதற்குப் பிறகு விலைகளும் மாறிவிட்டன. 2025 செப்டம்பர் 30 முதல் மலேசியர்களுக்கு ரோன்95 லிட்டர் 1.99 வெள்ளி, மாதம் 300 லிட்டர் வரை என்று அறிவிப்பு வந்தது. விலை மாறும்போதெல்லாம் கணக்கும் மாறும், நேற்றைய லாபம் நாளை நட்டமாகலாம். அதனால் காடிக் கடைக்குப் போவதற்கு முன், இப்போது ஓட்டும் வண்டிக்கே மூன்று மாதம் கணக்கு எழுதிப் பாருங்கள். கடைசிப் பக்கத்தில், இந்தக் காடி எனக்கு எதற்கு என்று ஒரு வரியும் எழுதுங்கள். எழுதியதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.