இரண்டு ஸ்வரம் போதும்

பல்கலைக்கழகப் பட்டறைகளுக்கு வரும் மாணவர்களிடம் எந்த ஸ்கேலைக் கேட்டாலும் மளமளவென்று வாசித்துவிடுவார்கள். ஜாஸ் வாசித்தே பிழைக்கிற எனக்குக்கூடச் சில சமயம் பொறாமையாக இருக்கும். ப்ளூஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று நிறுத்தி, நான்கு நான்கு பீட்டாக நகரும் பார்களில் "இது எத்தனையாவது?" என்று கேட்டால்தான் விழிப்பார்கள். விரல் முந்திவிட்டது, காது இன்னும் வந்து சேரவில்லை.

அதனால் எங்கே போனாலும் ஜாஸ் இசையமைப்பாளர் ட்யூக் எலிங்டனின் 'சி ஜாம் ப்ளூஸ்'தான் எடுப்பேன். அதன் மெட்டில் இரண்டே ஸ்வரங்கள்: ஜி, சி. நம் கணக்கில் பஞ்சமமும் மேல் ஸட்ஜமும். நான்கு பாருக்கு ஒரு வரி, அதே வரி மூன்று முறை, மொத்தம் 12 பார். மேலே மெட்டு அப்படியே நிற்க, அடியில் கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக்கூட்டு) மாறும். ஐந்தாம் பாரில் எஃப் கார்டு வந்ததும் அதே ஜி சற்றே அந்தரத்தில் தொங்குவதுபோல் கேட்கும். பியானோவில் அந்த ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு இடது கையால் கார்டை மட்டும் மாற்றிக் காட்டுவேன். பொதுமக்களும் வந்து உட்காரும் பட்டறை என்பதால் வாத்தியத்தைத் தொட்டே அறியாதவர்களும் இருப்பார்கள். அவர்களும் அந்த இடத்தில் தலை நிமிர்வார்கள்.

பிறகு கைதட்டல். கூட்டம் பாரின் 1, 3-ஆம் பீட்டில் தட்டும். ஜாஸுக்கு 2, 4 வேண்டும். ஜாஸ் பியானோக் கலைஞர் ஹாரி கானிக் ஜூனியர் ஒரு கச்சேரியில் வாசித்துக்கொண்டே ஒரு பீட்டைக் கூடுதலாக நுழைத்து, ரசிகர்களுக்குத் தெரியாமலே அவர்கள் கையை 2, 4-க்குத் தள்ளிவிட்டார். எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் இல்லை, வாய்விட்டே கேட்டுவிடுவேன்.

அடுத்து சோலோ. அந்த இரண்டு ஸ்வரம் மட்டும்தான். முதலில் பாட வேண்டும், பிறகே வாசிக்கலாம். இரண்டு பார் வாசித்தால் இரண்டு பார் சும்மா இருக்க வேண்டும். சாக்ஸபோன்காரர்களுக்கு இந்தச் சும்மா இருப்பதுதான் பெரும்பாடு. ஓடுவதற்கு ஸ்வரம் இல்லாததால் வேறு வழியின்றித் தாளத்துக்குள் இறங்குவார்கள். ஒரே ஜியை ஒருமுறை வெட்டி ஊதுவார்கள், மறுமுறை நீட்டுவார்கள், பீட்டுக்குத் துளி பின்தங்கிப் பார்ப்பார்கள். பக்கத்தில் பாஸ் வாசிப்பவர் என்ன செய்கிறார் என்பது அப்போதுதான் காதில் விழும்.

ஜாஸ் பல்கலைக்கழகத்துக்குள் வந்ததே தாமதமாகத்தான். இன்றைய வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகம் 1947-இல் பட்டப்படிப்பு தொடங்கியபோது, ஜாஸ் என்று எழுதாமல் நடன இசைக்குழு என்றே பெயரிட்டது. அதற்கு முன் பெரும்பாலோர் மேடையிலும் ஜாம் செஷன்களிலும் பக்கத்தில் நின்று கேட்டுக் கற்றவர்கள்தான். டெட்ராய்ட்டில் பிறந்த பியானோ மேதை பேரி ஹாரிஸ் (1929-2021) நியூயார்க்கில் பல்லாண்டுகள் நடத்திய வகுப்பிலும் யார் வேண்டுமானாலும் போய் உட்கார முடிந்தது. வாசிக்க வேண்டியதை அவர் வாயால் பாடிக் காட்டுவார், மற்றவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். பட்டறை என்றால் எனக்கு அதுதான் அளவுகோல்.

உங்கள் ஊரில் இப்படி ஒன்று நடந்தால் வாத்தியம் இல்லை என்று தயங்காமல் போங்கள். போவதற்கு முன் 'சி ஜாம் ப்ளூஸை' ஒரு தடவை போட்டு, 12 பாரையும் விரலில் எண்ணிப் பாருங்கள்.