பேசும் கணினிக்கு என்ன விலை?

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் ஒரு காலத்தில் குரலால் நடந்தது. ஒருவர் விலையைக் கூவுவார், வியாபாரிகள் ஏற்றிக் கேட்பார்கள். காது இருந்தால் போதும், விலை எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் வந்தது. இப்போது வியாபாரிகள் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள், விலை திரையில் ஏறுகிறது. வேகமும் ஒழுங்கும் கூடியது உண்மைதான். ஆனால் பார்வையில்லாத ஒருவருக்கு? அதுவரை காதுக்குக் கேட்ட விலை, கண்ணாடித் திரைக்குப் பின்னால் போய்விட்டது.

ஏலம் மட்டும்தானா? வங்கி, தேர்வு விண்ணப்பம், வேலைக்கு மனு எல்லாமே திரைக்குள் போய்விட்டன. 2010 கடைசியில் நின்றுபோன மதுரை ரயில் 2022இல் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் அகலப்பாதையில் திரும்பி வந்தது. அதற்கு முன்பதிவு செய்யவும் திரைதான்.

திரையில் இருப்பதைப் பேசிக்காட்டும் மென்பொருளுக்கு ஸ்கிரீன் ரீடர் என்று பெயர். அதில் புகழ்பெற்றது ஜாஸ். விபத்தில் பார்வை இழந்த டெட் ஹென்டர் என்ற அமெரிக்கரின் நிறுவனம் 1989இல் வெளியிட்டது. 2000களில் அமெரிக்காவில் அதன் சாதாரணப் பதிப்பு 895 டாலர், தொழில்முறைப் பதிப்பு 1,095 டாலர். அன்றைய கணக்கில் நாற்பது, ஐம்பதாயிரம் ரூபாய்! பின்னாளில் அங்கே ஆண்டுச் சந்தா முறையும் வந்தது. காசு கொடுக்காமல் சோதித்துப் பார்க்கலாம், ஆனால் 40 நிமிடம்தான். அதற்குப் பிறகு கணினியை அணைத்துத் திரும்பப் போட வேண்டும்.

போடியில் பி.காம். படித்த பார்வையற்ற மாணவர் ஒருவர் கணினி கற்றது இந்த 40 நிமிடங்களில்தான். பாதி பாடத்தில் குரல் நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து. அவருடைய அம்மா விடிவதற்குள் ஜீப் ஏறி, போடிமெட்டுக்கு மேலே உள்ள ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவர். விலையைக் கேட்டதும் அவர் கேட்டது ஒரே கேள்வி. "ஏப்பா, கம்ப்யூட்டருக்கு ஒரு வெல, அது பேசுறதுக்குத் தனியா ஒரு வெலயா?"

வணிகவியல் புத்தகம் இதற்குப் பதில் சொல்கிறது. ஏலக்காயில் ஒவ்வொரு கிலோவுக்கும் பறிப்புக் கூலி, உலர்த்தும் செலவு என்று தனித்தனியே உண்டு. மென்பொருளில் முதல் பிரதிக்குத்தான் பெருஞ்செலவு, அடுத்த பிரதிக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆனால் வாங்குபவர்கள் குறைவு என்பதால் மொத்தச் செலவும் அந்தச் சிலர் தலையில் விழுகிறது. அமெரிக்காவில் அந்தச் சிலருக்காகப் பெரும்பாலும் அரசு அமைப்போ முதலாளியோ பணம் கட்டுகிறார்கள். இங்கே கூலிக்காரத் தாய் கட்ட வேண்டும். இந்தியாவில் 2011 கணக்கெடுப்பின்படி பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். தேவை இருந்தது, வாங்கும் சக்திதான் இல்லை.

இந்தக் கணக்கை மாற்றியவர் மைக்கேல் கரன் என்ற ஆஸ்திரேலிய இளைஞர். அவரும் பார்வையற்றவர். விலை கொடுத்தால்தான் கணினி பேசும் என்பதை ஏற்காமல், 2006இல் என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடரை எழுதத் தொடங்கினார். பார்வையற்ற நண்பர் ஜேம்ஸ் டேயும் சேர்ந்துகொண்டார். பென் டிரைவில் போட்டு எடுத்துப்போய் எந்த விண்டோஸ் கணினியிலும் ஓட்டலாம். அதோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழையும் வாசிக்கும். சற்று இயந்திரத்தனமான குரல்தான், பழகிவிட்டால் போதும்.

ஒரு சீனியர் அண்ணன் அதைப் பென் டிரைவில் கொண்டுவந்து கொடுத்த அன்று, அந்த மாணவர் மூன்று மணி நேரம் எழுந்திருக்கவில்லை. குரல் நிற்கவே இல்லை!

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. அடுத்த வாரம் கைக்கு வந்த தமிழ்ப் பாடக்குறிப்பு பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது. 'அம்மா' என்று கண்ணுக்குத் தெரிவது, கணினிக்கு "எம், கே, செமிகோலன், கே, எச்". தமிழக அரசு 2010லேயே யுனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது. ஜெராக்ஸ் கடைகளுக்கும் கல்லூரி அறைகளுக்கும் அது இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. இன்னொரு பாடம், புத்தகத்தைப் படம் பிடித்துச் செய்த பிடிஎஃப். அதில் கணினிக்கு எழுத்தே கிடையாது, படம் மட்டும்தான். யாராவது உட்கார்ந்து வாசித்துக்காட்ட வேண்டும். பயிற்சிக்கு மதுரை போகலாம் என்றால் துணைக்கு அம்மா வர வேண்டும், ஒரு நாள் கூலி போகும். பாடப்புத்தகத்தில் இதற்கு 'வாய்ப்புச் செலவு' என்று பெயர். எந்த ரசீதிலும் வராத விலை இது.

கருவிகளின் விலையும் குறைந்தபாடில்லை. விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் திரைகள் பல ஆயிரம் டாலருக்கு விற்றன. ஐநூறு டாலர் அளவிலான கருவிகள் வந்ததே 2010களின் பிற்பாதியில்தான். 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது பிரெய்ல் தாளுக்கும் 5 சதவீத வரி விழுந்தது. வரியே இல்லையென்றால் உள்ளூர் உற்பத்தியாளர் மூலப்பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெற முடியாது, இறக்குமதிப் பொருள்தான் மலிவாகும் என்று அரசு விளக்கம் சொன்னது. கணக்கு சரிதான். ஆனால் தாளை வாங்குகிறவருக்கு அந்தக் கணக்கால் என்ன ஆறுதல்?

கருவி கைக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சி உண்டு. சென்னையின் பெனோ ஜெஃபைன் ஜாஸ் துணையோடு படித்து, 2015இல் முழுப் பார்வையற்ற முதல் இந்திய வெளியுறவுப் பணி அதிகாரி ஆனார். மதுரையின் பூரண சுந்தரி 2019ஆம் ஆண்டு குடிமைப் பணித் தேர்வில் 286ஆம் இடம் பிடித்தார். அவருக்குப் பெற்றோரும் நண்பர்களும் குரலாக இருந்தார்கள். எல்லோருக்கும் அப்படி அமையுமா?

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உயர்கல்வியில் 5 சதவீத இடம் தருகிறது. இடம் கிடைத்தபின் படிக்க வேண்டுமே! ஒவ்வொரு கல்லூரி ஆய்வகத்திலும் இரண்டு கணினியில் என்விடிஏ போடலாம். பாடக்குறிப்பை யுனிகோடில் தட்டச்சு செய்யலாம். வாரம் ஒரு மணி நேரம் கற்றுக்கொடுக்க ஒரு ஆளை வைக்கலாம். இதற்கெல்லாம் ஒரு மூட்டை ஏலக்காயின் விலைகூட ஆகாது.

அந்த அம்மாவின் கேள்விக்கு இன்று பாதிப் பதில்தான் இருக்கிறது. கணினி பேசுவதற்கு இப்போது விலை இல்லை. அது வாசிக்கிற மாதிரி எழுத்தைக் கொடுப்பதுதான் பாக்கி.