26 இஞ்ச் மேஜையும் அப்பாவின் தன்பதிவேடும்

கழுத்து வலி, தோள்பட்டை வலி, கண்ணெரிச்சல்னு வாரத்துக்கு ரெண்டு பேராவது போன் பண்ணிப் புலம்பறாங்க. புலம்பி முடிச்சதும் எல்லாரும் கேக்கற கேள்வி ஒண்ணுதான்: "நீ என்ன சேர் வாங்கினே?" சேர் வாங்கறதெல்லாம் கடைசி வேலைங்க. அதுக்கு முன்னால அளக்க வேண்டியது, நகர்த்த வேண்டியது, வீட்டுல பேசித் தீர்க்க வேண்டியதுன்னு நிறைய இருக்கு. அதையெல்லாம் ஒரே இடத்துல எழுதி வைக்கலாம்னுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபியோட வாங்க.

எங்க வீடு வேளச்சேரியில 780 சதுர அடி, ரெண்டு பெட்ரூம். நான், தங்கமணி, பொண்ணு, அப்பா. 2020 மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு ஆரம்பிச்சப்ப நாலு பேரும் ஒரே நேரத்துல வீட்டுக்குள்ள. தங்கமணி கணக்கு டீச்சர். அவங்களுக்கு ஆன்லைன் கிளாஸ், எனக்கு ஆபீஸ் மீட்டிங், பொண்ணுக்கு அவ ஸ்கூல் கிளாஸ். இருந்ததோ ஒரே ஒரு சாப்பாட்டு மேஜை. ஒருத்தர் முக்கோணவியல் நடத்த, இன்னொருத்தர் "நான் பேசறது கேக்குதா"ன்னு கத்த, நடுவுல குக்கர் விசில். ஊரடங்கு முடிஞ்சும் எனக்கு வாரத்துல மூணு நாள் வீட்டுலதான் வேலை. தங்கமணி சாயந்திரத்துல ஆன்லைன் டியூஷனைத் தொடர்ந்தாங்க. ஒரு வருஷத்துல எனக்குக் கழுத்து திரும்பவே இல்லை. பிசியோதெரபிஸ்ட் அமுக்கிப் பாத்துட்டு, "கழுத்துல பெருசா ஒண்ணுமில்ல சார், மேஜையைப் பாருங்க"ன்னார்.

சரி, மேஜை போடறதுன்னா எங்க போடறது? வீட்டுல நல்ல வெளிச்சமும் காத்தும் வர்ற இடம் ஒண்ணே ஒண்ணு. ஹாலோட கிழக்கு ஜன்னல். அங்க அப்பாவோட ஈஸி சேர் இருக்கு. காலைல பேப்பர், பதினோரு மணிக்கு ஒரு குட்டித் தூக்கம், சாயந்திரம் தெருவை வேடிக்கை பாக்கறதுன்னு 2018-ல அம்மா போனதுக்கப்புறம் அப்பாவோட உலகமே அந்த நாலடிதான். அப்பாவே முன்வந்து, "நான் ரூமுக்குள்ள போயிக்கிறேன், நீங்க வேலை பாக்கறவங்க, ஜன்னலை எடுத்துக்குங்க"ன்னார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள தங்கமணி, "அதெல்லாம் வேணாம் மாமா, நீங்க அந்த இடத்தை விட்டு நகர்ந்தா வீடு வீடாவே இருக்காது"ன்னு முடிச்சுட்டாங்க. மேல்முறையீட்டுக்கு இடமில்லாத தீர்ப்பு :-)

அதனால எங்க பெட்ரூம். அங்க ஸ்டீல் பீரோ நின்ன மூலையை காலி பண்ணினா நாலடிக்கு ரெண்டடி கிடைக்கும்னு டேப்பு சொல்லுச்சு.

முதல்ல முழங்கையை அளங்க

கடையில கிடைக்கற மேஜை, சாப்பாட்டு மேஜை எல்லாமே ஏறக்குறைய 29, 30 இஞ்ச் உயரம். நான் அஞ்சடி நாலு அங்குலம். பாதம் ரெண்டும் தரையில முழுசா படற மாதிரி உக்காந்து, தோளைத் தளர்த்தி, முழங்கையை மடக்கி, தரையிலேர்ந்து முழங்கை வரைக்கும் பொண்ணை விட்டு அளக்கச் சொன்னேன். 26 இஞ்ச். அதாவது ஒரு வருஷமா நாலு இஞ்ச் உயரமான மேஜைக்கு என் தோளைத் தூக்கித் தூக்கி டைப் அடிச்சிட்டிருந்திருக்கேன். கழுத்து வேற என்ன பண்ணும் பாவம்?

கார்பெண்டர் அண்ணன் கிட்ட 26 இஞ்ச்னு சொன்னதும், "சார், குழந்தைக்கா?"ன்னார். எனக்குத்தான்னு விளக்கி ஒத்துக்க வைக்கறதுக்குள்ள ஒரு டீ காலி. எட்டுக்கு நாலு 19 எம்.எம். பிளைவுட் ஷீட் ஒண்ணு வாங்கினா, நாலடிக்கு ரெண்டடி துண்டு சரியா நாலு வரும். ஒண்ணு மேஜை, மிச்சம் மூணும் சுவத்து அலமாரிக்கு. ஈரம் தாங்கற ரகமா கேட்டு வாங்குங்க. அமுக்கின மரத்தூள் பலகை மலிவுதான், ஆனா நம்ம ஊர் மழைக்காலத்துல ஒரு தடவை தண்ணி பட்டா பணியாரம் மாதிரி உப்பிடும். காலுக்கு மரம் வேண்டாம்னு வெல்டிங் பட்டறையில இரும்பு ஸ்டாண்ட் அடிச்சுக்கிட்டேன். மேஜைக்கு அடியில ட்ராயர் வைக்கல. உயரம் குறைஞ்ச மேஜையில ட்ராயர் வச்சா தொடை இடிக்கும். மொத்தச் செலவு 2021-ல ஒன்பதாயிரத்துச் சொச்சம்.

தங்கமணி என்னை விட மூணு அங்குலம் குட்டை. சேரை ஏத்தினா அவங்க கை சரியா வருது, ஆனா கால் தொங்குது. வீட்டுல அம்மாவோட மணை ஒண்ணு இருந்துச்சு, உயரம் கச்சிதம். அதைக் காலடியில போடப் போனேன், அப்பா ஹாலிலேர்ந்தே, "மணையில காலை வைக்காதே டா"ன்னார். நியாயம்தான். மிச்ச பிளைவுட் துண்டுக்கு அடியில ரெண்டு கட்டை அடிச்சு ஒரு கால் பலகை ரெடி.

ஸ்கிரீனை ஏத்துங்க, கையை இறக்குங்க

லேப்டாப்போட அடிப்படைச் சிக்கல், ஸ்கிரீனும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்தது. கைக்கு சரியா வச்சா தலை குனியும், கண்ணுக்கு சரியா வச்சா கை தூக்கும். ரெண்டையும் பிரிச்சுடுங்க. தனியா ஒரு கீபோர்டும் மவுஸும் வாங்கிட்டு, லேப்டாப்பை தடி புஸ்தகம் நாலு மேல ஏத்துங்க. ஸ்கிரீனோட மேல் விளிம்பு கண் மட்டத்துக்கோ கொஞ்சம் கீழயோ, ஒரு கை நீட்டற தூரத்துல இருக்கணும். என்கிட்ட பழைய டெலிபோன் டைரக்டரி ரெண்டு இருந்துச்சு. தூக்கிப் போடச் சொன்னவங்க எல்லாரும் இப்ப கப்சிப்.

வெளிச்சம் பத்தி ஒண்ணு. ஜன்னல் முதுகுக்குப் பின்னால இருந்தா ஸ்கிரீன்ல பிரதிபலிக்கும். ஸ்கிரீனுக்குப் பின்னால இருந்தா கண்ணு கூசும். பக்கவாட்டுல இருக்கணும். வலது கையால எழுதறவங்கன்னா இடது பக்கம். எங்க ரூம் ஜன்னல் மேற்கு. மூணு மணிக்கு மேல வெயில் உள்ள வந்து உக்காந்துக்கும். மூங்கில் தட்டி ஒண்ணு கட்டினதும் அடங்கிடுச்சு.

கரண்ட் போனா லேப்டாப் ஓடும், ஆனா நெட் போயிடும். காரணம், ரூட்டர் இன்வெர்ட்டர் லைன்ல இருக்காது. எந்த பிளக் இன்வெர்ட்டர்ல இருக்குன்னு எலக்ட்ரீஷியன் கிட்ட கேட்டு, ரூட்டரை அங்க மாத்துங்க. அயர்ன் பாக்ஸை மட்டும் கம்ப்யூட்டர் எக்ஸ்டென்ஷன்ல சொருகாதீங்க, புண்ணியமாப் போகும்.

இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை, இருபது அடி தூரத்துல இருக்கறதை இருபது செகண்ட் பாருங்கன்னு கண் டாக்டர்கள் சொல்றது தெரிஞ்சதுதான். எங்க ரூமுக்குள்ள இருபது அடியே கிடையாது. கதவைத் திறந்து வச்சா ஹால் தாண்டி அப்பா தலையும் ஜன்னலும் தெரியும். அதைத்தான் பாக்கறேன்.

பீரோவுக்குள்ள இருந்த பூதம்

மேஜை வந்தாச்சு, வலி குறைஞ்சாச்சு. ஆனா பீரோவை நகர்த்தினப்ப அதுக்குள்ளயும் மேலயும் இருந்த காகிதமெல்லாம் வெளியில வந்து கட்டிலை நிறைச்சிருச்சு. 2015 டிசம்பர் வெள்ளத்தப்ப நாங்க தரைத்தளத்துல வாடகைக்கு இருந்தோம். முழங்கால் தண்ணியில நனைஞ்சு, வெயில்ல காய வச்ச காகிதம் பாதி. அம்மா தவறினப்ப வாரிசுச் சான்றிதழுக்கு தாசில்தார் ஆபீஸ்ல கேட்ட ஒவ்வொரு காகிதத்தையும் சூட்கேஸ், பரண், தலையணை உறைன்னு தேடி எடுத்த ரெண்டு நாள் இன்னும் ஞாபகம் இருக்கு. துக்கத்துல இருக்கறப்ப தேடற மாதிரி ஒரு கொடுமை வேற இல்லைங்க.

அப்பா வந்து கட்டில் ஓரமா நின்னு பாத்தார். வருவாய்த் துறையில 34 வருஷம், துணை வட்டாட்சியரா 2002-ல ரிட்டையர் ஆனவர். "டாட்டன்ஹாம் முறை தெரியுமாடா உனக்கு?"ன்னார். தெரியாது. வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து நம்ம கலெக்டர் ஆபீஸ்லயும் தாலுகா ஆபீஸ்லயும் கோப்பு நடத்தற முறை. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஒரு கோப்பை முடிக்கறப்பவே அதுக்கு ஆயுசு எழுதிடறது. ஓ.மு.ன்னா ஓராண்டு முடிவு, மூ.மு. மூன்றாண்டு, ப.மு. பத்தாண்டு, நி.மு. நிரந்தரம். அரசாங்கக் கடிதத்துல நம்பருக்கு முன்னால இந்த எழுத்தைப் பாத்திருப்பீங்க. நான் ஏதோ அதிகாரியோட இனிஷியல்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் :-)

அந்த மூணு அலமாரிப் பலகையும் அப்பா கைக்குப் போச்சு. நாலு நிறத்துல ஃபைல். கரண்ட் பில், கேஸ் ரசீது, ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் ஓ.மு. வாரண்டி கார்டு மூ.மு. வருமான வரி, வங்கிக் காகிதம் ப.மு. வீட்டுப் பத்திரம், வில்லங்கச் சான்று, பிறப்பு இறப்புச் சான்றிதழ், மார்க் ஷீட் நி.மு. நிரந்தரமெல்லாம் மேல் பலகையில, எந்த வெள்ளத்துக்கும் எட்டாத உயரத்துல. எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி வச்சது பொண்ணோட வேலை.

கூடவே ஒரு நீள நோட்டு, தன்பதிவேடு. யார் எந்தக் காகிதத்தை எடுத்தாலும் தேதி, விவரம், காரணம் எழுதணும், திருப்பி வச்சதும் முடிவு எழுதணும். ஆதார் கார்டை எடுத்துட்டு மூணு நாள் வைக்கலைன்னு எனக்கு ஒரு துண்டுச் சீட்டு வந்துச்சு, மானிட்டர்ல ஒட்டி: "நினைவூட்டு 1". நாலாவது நாள், "நினைவூட்டு 2. இதுவே இறுதி வாய்ப்பு."

பிரிக்கறப்ப ஒரு மஞ்சள் கவர் வந்துச்சு. அம்மாவோட கடைசி ஆஸ்பத்திரி ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு, டிஸ்சார்ஜ் பில். நான் பாத்துட்டு, "இது இனிமே எதுக்கும் தேவைப்படாதுப்பா, ஓ.மு.வா?"ன்னேன். அப்பா ஒண்ணும் சொல்லல. கவரை வாங்கி, ஓரம் மடங்கினதை விரலால நீவி, மேல பெரிய எழுத்துல நி.மு.ன்னு எழுதி, ஸ்டூல் போட்டு ஏறி மேல் பலகையில தானே வச்சார். ஸ்டூலை மட்டும் நான் பிடிச்சுக்கிட்டேன்.

அதுக்கப்புறம் ஒரு மாத்தம். பதினோரு மணித் தூக்கம் இப்பல்லாம் கிடையாது. பத்தரைக்கு பேப்பரை மடிச்சு வச்சுட்டு, கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு எங்க ரூமுக்கு வந்துடறார். "இன்னிக்கு தபால் என்ன?"ன்னு கேட்டு, வந்த பில்லுகளை வாங்கிட்டுப் போய் பதிவேட்ல ஏத்தறார். சில நாள் தபால் எதுவும் இருக்காது. அந்த மாதிரி நாளுக்குன்னே தங்கமணி மளிகை ரசீதை எடுத்து வச்சிருக்காங்க.

எனக்கு இதுல புரிஞ்சது, வேலை செய்ய ஒரு இடம்ங்கறது சம்பளம் வாங்கறவங்களுக்கு மட்டும் தேவைப்படற விஷயமில்ல. வீட்டுல மேஜை போடறதுக்கு முன்னால முழங்கையை அளங்க. அப்படியே வீட்டுல யாருக்கெல்லாம் ஒரு மூலையும் ஒரு வேலையும் வேணும்னும் எண்ணிப் பாருங்க.

கொசுறு: சேர் எதுன்னு இன்னும் கேக்கறவங்களுக்கு, ஆபீஸ் ஒண்ணு காலி பண்ணினப்ப செகண்ட் ஹேண்ட்ல 2,200 ரூபாய்க்கு வாங்கினது. ஏத்தி இறக்கலாம், முதுகு தாங்கும், சக்கரம் ஒண்ணு மட்டும் கொஞ்சம் அழும். ரசீது மூ.மு.வுல இருக்கு. பாக்கணும்னா பதிவேட்ல கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துக்கலாம் :-)