எக்ஸெல்ல இல்லாத ஞாயித்துக்கிழமை

நம்ம டிபார்ட்மென்ட் ஜூனியர் ஒருத்தன் போன மாசம் ஒரு எக்ஸெல் ஷீட் அனுப்பியிருந்தான். எம்.எஸ். அப்ளை பண்ண 14 யுனிவர்சிட்டி. ரேங்க், ஃபீஸ், வாடகை, இன்டர்ன்ஷிப் வாய்ப்புன்னு எல்லாத்துக்கும் தனித்தனி ஹெட்டிங். கீழே ஒரு கேள்வி: "அண்ணா, ஈஸ்ட் கோஸ்ட்டா, வெஸ்ட் கோஸ்ட்டா?"

நான் ரெண்டு பக்கமும் இருந்தவன். பாஸ்டன்ல ரெண்டு வருஷம் படிப்பு, இப்போ மூணு வருஷமா கலிஃபோர்னியாவுல சான் ஹோசே பக்கம் வேலை. அவன் ஷீட்ல ஒரே ஒரு ஹெட்டிங் மட்டும் சேர்த்துத் திருப்பி அனுப்பினேன்: "கார் இல்லாம ஞாயித்துக்கிழமை எங்க போவ?"

உங்கள்லயும் பாதிப் பேர் இதே மாதிரி ஒரு ஷீட் வச்சிருப்பீங்க. அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

டிசம்பர்ல பாஸ்டன்ல சாயங்காலம் நாலேகாலுக்கெல்லாம் சூரியன் மறைஞ்சிடும். லேப்ல இருந்து வெளிய வந்தா ராத்திரி. முதல் செமஸ்டர் முடிஞ்ச லீவுல நான் 12 நாள் ரூமை விட்டு வெளியவே போகல. மளிகை வாங்கறதுகூட ரூம்மேட்தான். அம்மா கூப்பிட்டா "நல்லா இருக்கேன்மா"ன்னு சொல்லிட்டு வச்சிடுவேன். ஊருக்குத் திரும்பிடலாம்னு ஃப்ளைட் டிக்கெட் விலைகூடப் பார்த்தேன். இதை இதுவரைக்கும் வீட்டுல சொன்னதில்ல. இங்க எழுதறதுக்குக் காரணம், உங்கள்ல சிலருக்கும் இது நடக்கும்.

பதிமூணாம் நாள் ரூம்மேட் என்னை இழுத்துட்டுப் போய் ஆரஞ்சு லைன் மெட்ரோவுல ஏத்தினான். வடக்குப் பக்கக் கடைசி ஸ்டேஷன்ல இறங்கி நடந்தா மிடில்செக்ஸ் ஃபெல்ஸ்னு ஒரு காடு. இலை ஒண்ணுகூட இல்லாத மரங்கள், முழங்கால் அளவுக்குப் பனி. அந்தக் குளிர்ல யாரு வரப்போறாங்கன்னு நினைச்சேன். நாயோட வந்த தாத்தா, சறுக்குப் பலகை இழுத்துட்டு வந்த பசங்கன்னு ஒரு ஊரே அங்க இருந்தது. எல்லாரும் தலையாட்டிட்டுப் போனாங்க. 12 நாள் கழிச்சு முதல் தடவையா வேற மனுஷங்க முகத்தைப் பார்த்தேன். அன்னைக்கு ராத்திரிதான் ஒழுங்காத் தூங்கினேன்.

அதுக்கப்புறம் மாசத்துக்கு ரெண்டு ஞாயிறாவது ரயில்தான். நியூ இங்கிலாந்து காடுகள்ல நடந்தா ஒரு விநோதம் கண்ணுல படும். அடர்ந்த காட்டு நடுவுல, யாருக்கும் உபயோகமில்லாம, இடுப்பளவு கல்சுவர் ஓடிட்டே இருக்கும். அதெல்லாம் ஒரு காலத்துல வயல், மேய்ச்சல் நிலம். மரத்தையெல்லாம் வெட்டி, மண்ணுல இருந்து தோண்டின கல்லை வரப்பு மாதிரி அடுக்கியிருக்காங்க. 19-ஆம் நூற்றாண்டுல விவசாயிங்க மேற்கு பக்கமும் மில் வேலைக்கும் போயிட, மரம் திரும்ப வந்திடுச்சு. அப்போ கிழக்குல நீங்க பார்க்கிற காடு பெரும்பாலும் ரெண்டாவது தடவை வளர்ந்த காடு. எனக்கு அது ரொம்பப் பிடிச்சது.

ஆனா கிழக்குல நிலம் பெரும்பாலும் யாரோ ஒருத்தரோட சொத்து. கடற்கரைகூட அப்படித்தான். மாசசூசெட்ஸ்ல 1640-கள்ல போட்ட காலனிச் சட்டம் இன்னும் செல்லும். கரைக்குச் சொந்தக்காரரோட எல்லை, கடல் உள்வாங்கும்போது தண்ணி நிக்கிற கோடு வரைக்கும் போகும். மீன் பிடிக்க, பறவை சுட, படகு ஓட்ட மத்தவங்களுக்கு உரிமை உண்டு. துண்டை விரிச்சு உட்கார உரிமை இல்ல! தூண்டிலோட போனா குடிமகன், சும்மா போனா அத்துமீறல். கலிஃபோர்னியாவுல நேர்மாறு: ஈர மணல் எல்லாருக்கும் பொது. ஆனா சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் ஜூலையிலயும் தண்ணி 15 டிகிரியைச் சுத்தித்தான் இருக்கும். கால் நனைச்சதும் ஓடி வந்திடுவீங்க.

மேற்கோட விஷயமே நிலம்தான். நெவாடா மாநிலத்துல சுமார் 80 சதவீதம் மத்திய அரசு நிலம். கலிஃபோர்னியாவுல கிட்டத்தட்ட பாதி. மாசசூசெட்ஸ்ல நூத்துக்கு ஒண்ணு ரெண்டு. கிழக்குல அந்த நாடு பிறக்கிறதுக்கு முன்னாடியே நிலத்தைப் பங்கு போட்டு முடிச்சிட்டாங்க. மேற்கு பின்னாடி வந்தது, விலைக்கும் போருக்கும். அங்க இருந்த பழங்குடி மக்களைத் துரத்தினதும் அதுல சேர்த்தி. யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குள்ள 1851-ல ஒரு படையே போச்சு. விவசாயத்துக்கு ஆகாத வறண்ட நிலத்தை யாரும் கேக்கல, அரசு கையிலயே தங்கிடுச்சு. இன்னைக்கு அந்த நிலத்துல பல இடங்கள்ல, காசே கட்டாம, 14 நாள் வரைக்கும் கூடாரம் போட்டுத் தங்கலாம். நெவாடாவுல முதல் ராத்திரி நான் தூங்கவே இல்ல. அவ்வளவு நட்சத்திரம். வேலி இல்ல, விளக்கு இல்ல, மனுஷன் இல்ல.

மனுஷன் இல்லைங்கறதுதான் பிரச்சினையும். இங்க வந்து முதல் நாலு மாசம் எனக்கு லைசென்ஸ் இல்ல. யோசெமிட்டி காருல நாலு மணி நேரம். ரயிலும் பஸ்ஸும் மாறி மாறிப் போகலாம், ஒரே நாள்ல திரும்ப முடியாது. திங்கக்கிழமை ஆபீஸ்ல எல்லாரும் எங்க போனோம்னு சொல்வாங்க, நான் துணி துவைச்சேன்னு சொல்வேன். ஜன்னல்ல மலை தெரியும், போக முடியாது. பாஸ்டன் குளிர்லகூட அவ்வளவு தனிமையா இருந்ததில்ல.

சரி, கிழக்கு மலை சின்னதுதானேன்னு நினைச்சிடாதீங்க. நான் நினைச்சேன். நியூ ஹாம்ப்ஷயர்ல மவுண்ட் லஃபயெட் 1,603 மீட்டர். நம்ம தொட்டபெட்டா 2,637. ரெண்டாவது வருஷம் அக்டோபர்ல அஞ்சு பேர் வாடகைக் கார் எடுத்துட்டுப் போனோம். பருத்தி ஹூடி, கேன்வாஸ் ஷூ. மரங்கள் முடியற இடம் வந்ததும் காத்து அறைஞ்சது, மழை பனியா மாறிச்சு. ஷூ லேஸ் அவிழ்ந்தது. கட்டப் பார்த்தா விரல் மடங்கல. பயந்துட்டேன். இறங்கி வந்த ஒரு வயசான அம்மா என் ஷூவைப் பார்த்தாங்க, ஒண்ணும் திட்டல. உட்கார்ந்து லேஸைக் கட்டிவிட்டு, பையில இருந்து இன்னொரு ஜோடி கையுறை எடுத்துக் குடுத்து, எங்க கூடவே கீழ வரைக்கும் வந்தாங்க. பக்கத்துல இருக்கிற மவுண்ட் வாஷிங்டன்ல 1934-ல மணிக்கு 372 கிலோமீட்டர் வேகத்துல காத்து அடிச்சதுன்னு ரூமுக்கு வந்துதான் படிச்சேன்.

என்னைக் கேட்டா, கார் இல்லாத முதல் ரெண்டு வருஷத்துக்குக் கிழக்கு. அதுக்கப்புறம் மேற்கு, கூடவே வர ஒருத்தராவது இருந்தா. ஆகஸ்ட், செப்டம்பர்ல காட்டுத்தீப் புகை வந்தா ஜன்னலைச் சாத்திட்டு உள்ளயே இருக்கணும், அதையும் கணக்குல வச்சுக்கோங்க.

ஜூனியர் நேத்து பதில் போட்டான். ஷீட்ல 9 இடத்துக்கு நேரா "தெரியல", 3 இடத்துக்கு "ரயில் இருக்கு", ரெண்டு காலி. கீழே ஒரு வரி: "அண்ணா, டிரைவிங் கிளாஸ் சேர்ந்துட்டேன்."