நந்தி தலை காட்டும் பண்ணவாடி

மேட்டூர் போகிறவர்கள் அணை, பூங்கா, முனியப்பன் கோயில், சுடச்சுட மீன் வறுவல் என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சிரமம் பார்க்காமல் கொளத்தூர் வழியாகப் பண்ணவாடி பரிசல் துறை வரை போய் வாருங்களேன்!

1925-ல் ஆரம்பித்து 1934-ல் கட்டி முடித்த அணை இது. முழுக்க நிரம்பினால் 120 அடி. கொள்ளளவு 93 டி.எம்.சி.க்கும் மேலே. ஜூன் 12-ம் தேதி திறப்பது வழக்கம். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் கல்யாணத் தேதியை மறந்தாலும் மறப்போம், அந்தத் தேதியை மறக்கமாட்டோம்! குறுவைக்குத் தண்ணீர் வந்தால்தானே குதிரில் நெல்?

அவ்வளவு தண்ணீரும் சும்மா கிடந்த பள்ளத்திலா நிற்கிறது? காவேரிக் கரையில் பல ஊர்கள் இருந்தன. ஜனங்கள் கோயில், வீடு, வயல் எல்லாவற்றையும் விட்டு மேட்டுக்குக் குடியேற வேண்டியதாயிற்று. கோடையில் தண்ணீர் நன்றாக இறங்கினால் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும், பழைய கிறிஸ்தவ தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். ஆட்டுக்கல்லையும் அம்மியையும் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். கிணற்றை எப்படித் தூக்கிப் போவது? அணை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் அந்த நந்தியைப் பார்த்தபோது, நாம் சாப்பிடும் சோற்றுக்கு யார் யாரோ வீட்டைக் கொடுத்திருக்கிறார்களே என்று மனசு என்னவோ செய்தது.

தண்ணீர் வற்றிய வண்டலில் இப்போதும் விதைக்கிறார்கள். மீன் பிடிப்பவர்களும் உண்டு. எதிர்க்கரை நாகமரை, தர்மபுரி மாவட்டம்.

அணை நிரம்பியிருக்கும் மாதங்களில் போனால் நந்தி தெரியாது. வற்றிய காலத்தில் கரையெல்லாம் சேறு. குழந்தைகளின் கையை விட்டுவிடாதீர்கள்.